மருந்து படாத குழிகள்

அந்த ஆய்வகத்தில் செல் வளர்க்கும் அறைக்குள் நுழைகிற எவரும் முதலில் ஒரு சோதனையைத் தாண்டியாக வேண்டும். கதவுக்கு உட்பக்கம் நின்று கையுறை மாட்டிக்கொண்டிருக்கும் அந்த அம்மாள் ஏற இறங்கப் பார்ப்பாள். காலில் வெளிச்செருப்பா, நகம் வெட்டியிருக்கிறதா, தும்மல் கிம்மல் உண்டா என்று கேள்வி வரும். முந்தின நாள் வீட்டில் ரொட்டிக்கு மாவு பிசைந்ததாக யாராவது வாய் தவறி உளறிவிட்டால் அவ்வளவுதான். மாவைப் பொங்கவைக்கிற ஈஸ்ட் நகக்கண்ணில் ஒளிந்துகொண்டு வரும், வந்து வாரக்கணக்கில் வளர்த்த செல்களை ஒரே ராத்திரியில் தின்றுவிடும் என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள். பேராசிரியரையே ஒருமுறை அப்படி அனுப்பியிருக்கிறாள்.

மாணவர்கள் அவளுக்கு ‘எக்ஸ்ரே அக்கா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். முதலில் வைத்தது யார் என்பதுவரை தெரியும்.

இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை செல் வளர்ப்பது. அந்த ஆய்வகம் தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்களைப் பற்றியது. வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை என்று எங்கிருந்தோ எப்போதோ எடுத்த செல்கள், அவற்றைக் கொடுத்தவர்கள் போய்ப் பல வருடமான பிறகும், அவள் அறையில் உடம்புச் சூட்டில் வைத்த பெட்டிக்குள் பிரிந்து பெருகிக்கொண்டே இருந்தன. அவற்றுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊட்டத் திரவம் மாற்றுவாள். மாற்றியதும் புட்டியில் திரவம் நிற்கிற மட்டத்தில் பேனாவால் மெல்லிசாக ஒரு கோடு போட்டுவைப்பாள். மறுநாள் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் விசாரணை. சோதனை முடிந்தபின் மிஞ்சும் திரவத்தை எல்லோரும் கொட்டிவிடுவார்கள். அவள் சின்னக் குழாய்களில் அடைத்து, தேதி போட்டு, உறைபெட்டியில் அடுக்குவாள்.

“எதுக்குக்கா இந்தக் குப்பையெல்லாம்? இடமே இல்ல” என்று கேட்டால், “நாளைக்கு எவனாவது வந்து நான் அப்படிச் செய்யவேயில்லைன்னு சாதிச்சா? அப்போ இதுதான் சாட்சி” என்பாள்.

வீட்டிலும் இதே கதைதான். பாலை மோந்து பார்ப்பாள், முட்டையைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பாள், மீட்டர் பார்க்க வருபவரின் அடையாள அட்டையைப் புகைப்படத்தோடு ஒப்பிடுவாள். கணவர் வேலை முடிந்து அரைமணி தாமதமாக வந்தால் சட்டைப்பையைத் துழாவுவாள். அவர் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் தூக்கி நிற்பார். ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. பெரிய பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் வண்டிகளை அறிவிக்கிற வேலை அவருக்கு. இருபத்தாறு வருடம் எத்தனையோ ஆயிரம் பேரைச் சரியான வண்டியில் ஏற்றிவிட்ட குரல் அது. அந்தக் குரலைக் கேட்டு ஓடாதவர்கள் அந்த ஊரில் குறைவு.

இப்படி எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவளோடு எப்படித்தான் குடும்பம் நடத்துகிறாரோ என்று பேசிக்கொண்டவர்கள் எல்லோரும் மூன்று வருடம் முன்பு வாயை மூடிக்கொண்டார்கள். ஒரு காலைவேளை அவர் பல் தேய்த்து வாய் கொப்பளித்தபோது, நாக்கின் இடது ஓரத்தில் சுண்டுவிரல் நகமளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு அவள் கண்ணில் பட்டது. பல் மருத்துவர் பார்த்துவிட்டு, கூரான பல் உரசுகிறது என்று பல்லை ராவிவிட்டார். அவள் நம்பவில்லை. இரண்டாவது மருத்துவர் சத்துக்குறைவு என்றார். நம்பவில்லை. மூன்றாவது ஆளிடம் போய், சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினால்தான் எழுந்திருப்பேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அனுப்பினார்கள். நாக்குப் புற்றுநோய். இன்னும் நாலு மாதம் விட்டிருந்தால் கழுத்துக்கு இறங்கியிருக்கும் என்று அறுவை மருத்துவர் சொன்னார்.

நாக்கில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. கதிர்வீச்சு கொடுத்ததில் தாடை இறுகிப்போயிற்று. முன்பு மூன்று விரலை நிமிர்த்தி நுழைக்கும்படி திறந்த வாய், இப்போது ஒரு விரலுக்குத்தான் வழிவிட்டது. ஐஸ் குச்சி மாதிரியான மரக்குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் செருகி, நாளைக்கு ஒன்று கூட்டிப் பழகச் சொன்னார்கள். அவர் கண்ணில் நீர் முட்டச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேச்சு குழைந்தது. பேருந்து நிலையத்தில் அவரை ஒலிபெருக்கி அறையிலிருந்து பார்சல் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவளுக்கு அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. பெற்ற பிள்ளை மாதிரி வளர்க்கிற நாக்குச் செல்களை மறுநாள் பெட்டியிலிருந்து எடுக்கும்போது, அவற்றின் மேல் அப்படியொரு ஆத்திரம் வரும்.

அந்த நேரத்தில்தான் கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்தார். அறுபது வயதில் கையில்லாத பனியன் போட்டுக்கொண்டு உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவர். நல்ல மனிதர்தான், ஆனால் உலகத்தில் எந்த வியாதிக்கும் அவரிடம் ஒரு டப்பா இருக்கும்.

“அண்ணே, இதை வாயில ஒதுக்கி வச்சுக்கங்க. தானா கரையும். நைட்ரிக் ஆக்சைடுங்கிற வாயு ஊறும். ரத்தக்குழாய் விரிஞ்சு ஓட்டம் சும்மா ஜம்முனு இருக்கும். இறுகின சதை இளகிடும்.”

“சிரிக்க வைக்கிற வாயுவா?” என்றார் கணவர்.

“அது வேற, இது வேற” என்று சொல்லிக்கொண்டே அவள் டப்பாவைப் பிடுங்கினாள். பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தாள். பிறகு பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். கீழ்வீட்டுக்காரரின் முகம் தொங்கிப்போயிற்று.

அவளுக்கு அந்த வாயுவைத் தெரியும். நம் உடம்பே அதைத் துளித்துளியாகத் தயாரிக்கிறது, ரத்தக்குழாய்களைத் தளர்த்துகிறது, சில நொடியில் காணாமல் போகிறது. புற்றுநோய்ச் செல்லிடம் மட்டும் அது இரட்டை வேடம் போடும் என்று கட்டுரைகள் சொல்லின. அளவு கூடினால் செல்லைக் கொல்லும். அளவு குறைந்தால் அதே செல்லுக்குத் தெம்பு கொடுத்துப் பக்கத்து இடத்துக்கு நகர்ந்து போகவும் உதவும் என்றார்கள் சிலர். அதெல்லாம் இல்லை என்றார்கள் சிலர். பேராசிரியர் அந்த வருடம் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சியே அதுதான். வாயிலுள்ள புற்றுப்புண் மேல் பூசுகிற ஒரு களிம்பு, அதிலிருந்து இந்த வாயு கசியும். பூசிய இடத்தில் அளவு அதிகம், அங்கே செல் சாகும். பூசிய இடத்தின் ஓரத்தில் அளவு குறைவு. அங்கே என்ன நடக்கும்? அதைப் பார்த்துச் சொன்னால்தான் மருத்துவமனைக்காரர்கள் அடுத்த படிக்குப் போவார்கள்.

“ரெண்டு மாசம் பொறுங்க. எங்க ரூம்ல அதைத்தான் பாக்கப்போறோம். சரின்னா நானே எடுத்துத் தர்றேன்” என்றாள் கணவரிடம்.

அவர் தலையாட்டினார்.

சோதனை எளிமையானது. இருபத்து நாலு குழி உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியின் அடியிலும் நாக்குச் செல்களை இடைவெளியில்லாமல் பாய் விரித்தது போல வளரவிட வேண்டும். பிறகு நுனி கூர்மையான குழாயால் நடுவே ஒரு கோடு கிழிக்க வேண்டும். கோடு போன பாதையில் செல் இருக்காது. இரண்டு கரையிலும் இருக்கிற செல்கள் மெல்ல நகர்ந்து அந்த இடைவெளியை மூடும். வேகமாக மூடினால் செல் ஓடுகிறது என்று அர்த்தம். சில குழிகளில் வாயுவைக் கசியவிடும் மருந்தை அதிகமாக விட்டாள், சிலவற்றில் கொஞ்சமாக விட்டாள், ஒரு வரிசையில் ஒன்றுமே விடவில்லை. அந்த மருந்து படாத குழிகளோடு ஒப்பிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

எல்லாம் ஒரே தட்டில், ஒரே மூடிக்குள், ஒரே பெட்டியில் இருக்க வேண்டும் என்பது அவள் சட்டம். வேறு தட்டு என்றால் வேறு சூடு, வேறு ஈரம், ஆயிரம் சாக்கு கிளம்பும். சாக்கு சொல்ல இடமே வைக்கக்கூடாது என்று எத்தனையோ மாணவர்களை அதட்டி வளர்த்திருக்கிறாள்.

மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தாள். அதிக மருந்து விட்ட குழிகளில் செல்கள் சுருங்கி மிதந்தன. கொஞ்சம் விட்டவை, கோட்டை எவ்வளவு மூடியிருந்தனவோ, மருந்தே படாதவையும் கிட்டத்தட்ட அவ்வளவே மூடியிருந்தன. வித்தியாசமில்லை. மருந்து படாதவை வழக்கத்தைவிடத் துடிப்பாகவே நகர்ந்திருந்தன. ‘என் கையால வளர்ந்ததாச்சே’ என்று மனதுக்குள் ஒரு பெருமை. இன்னும் இருமுறை அதே மாதிரி வைத்தாள். மூன்று முறையும் ஒரே பதில் வந்தது. குறைந்த அளவு எதையும் ஓட வைக்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பைகூட வைக்காமல் பீரோவைத் திறந்தாள்.

“இந்தாங்க. ஒண்ணும் செய்யாது. வச்சுக்கங்க.”

“நிஜமாவா?”

“நான் சொல்றேன்ல.”

அவள் நம்ப ஆசைப்பட்டாள் என்பதுதான் உண்மை. அதை அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பாள்.

மூன்று வாரத்தில் அவர் வாய் இரண்டு விரலுக்குத் திறந்தது. குச்சிகளின் உபயமா, டப்பாவின் உபயமா என்று யார் கண்டது? அவர் டப்பாவுக்கே புகழைக் கொடுத்தார். குளியலறைக் கண்ணாடி முன் நின்று, “பயணிகள் கவனத்திற்கு, மூணாவது நடைமேடையில்” என்று ஆரம்பிப்பார். வார்த்தைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வரும். ஆனாலும் அந்த ராகம் திரும்பியிருந்தது. சமையலறையில் நின்று அவள் கேட்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயத்தின் மேல் பழியைப் போடுவாள்.

அறிக்கை எழுதியாயிற்று. அனுப்புவதற்கு முன் வேறொருவர் கையால் ஒருமுறை செய்து பார்த்துவிடலாம் என்று பேராசிரியர் நினைத்தார். அந்த வேலை ஓர் ஆராய்ச்சி மாணவனிடம் போயிற்று. மாணவன் என்று பெயர்தானே தவிர, முப்பது தாண்டியவன். அவன் முகத்தில் தாடியைத் தவிர வேறெதுவும் ஒழுங்காக வளர்ந்ததில்லை என்பது அவள் அபிப்பிராயம். எல்லோரும் அவனைத் தாடி என்றே கூப்பிட்டார்கள். கை நடுங்கும், குழாயைக் கவிழ்ப்பான், பேனாவை மூடமாட்டான்.

நாலு நாள் கழித்துத் தாடி படங்களைக் கொண்டுவந்து வைத்தான். குறைந்த அளவு மருந்து விட்ட குழிகளில் கோடே இல்லை. செல்கள் இரண்டு பக்கமிருந்தும் ஓடிவந்து மூடியிருந்தன. மருந்து படாதவற்றில் பாதி இடைவெளி அப்படியே திறந்து கிடந்தது.

“அதாவது கொஞ்சமா விட்டா ஓடுது” என்றான்.

அவளுக்கு ஒரு நொடி காதடைத்தது. அடுத்த நொடியே சந்தேகம் வந்து தாங்கிப்பிடித்தது. இவன் எதையாவது மாற்றி விட்டிருப்பான். இல்லாவிட்டால் பரபரப்பாக ஒரு கட்டுரை எழுதிப் பெயர் வாங்கத் திட்டம் போடுகிறான். இருபத்திரண்டு வருடக் கை பெரிதா, குழாயைக் கவிழ்க்கிற கை பெரிதா?

“மேடம், இவனை நம்பி எதையும் மாத்தாதீங்க. ரெண்டு நாள் குடுங்க, என்னன்னு நான் கண்டுபிடிக்கிறேன்” என்றாள் பேராசிரியரிடம்.

அந்த இரண்டு நாளும் தாடியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தாள். அவன் மருந்துப் புட்டியில் ரகசியமாகக் கோடு போட்டாள். அவன் சாப்பிடப் போனபோது நோட்டைப் புரட்டினாள். கிறுக்கல் கையெழுத்து, காப்பிக் கறை, ஆனால் தேதியும் அளவும் சரியாக இருந்தன. அது அவளுக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. இவ்வளவு சரியாக எழுதுகிற ஆளா இவன்?

மூன்றாம் நாள் காலை அவன் மறுபடி செய்தபோது பின்னாலேயே போய் நின்றாள். மருந்தை அளந்தான், சரி. கோடு கிழித்தான், கொஞ்சம் வளைந்தாலும் சரி. பிறகு மருந்து விட்ட தட்டை மூடி ஒரு பெட்டியில் வைத்தான். மருந்து படாதவற்றை இன்னொரு தட்டில் வைத்து, எதிர்ப்பெட்டியைத் திறந்தான்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் அவள் குரல் உயர்ந்தது. “நில்லு! அதை ஏன் தனியா வைக்கிற?”

“முதல் தடவை கோடு போடும்போது கை பட்டு அந்த வரிசை மொத்தமா கிழிஞ்சுபோச்சுக்கா. அதனால வேற தட்டுல போட்டேன். அந்தப் பெட்டில இடமில்ல, இதுல வச்சேன். மறுபடி செய்யும்போதும் அதே மாதிரி இருக்கட்டும்னு...”

“அறிவிருக்கா உனக்கு? இத்தனை வருஷம் தொண்டைத்தண்ணி வத்தக் கத்துறேனே! மருந்து விட்டதும் விடாததும் ஒரே தட்டுல, ஒரே மூடிக்குள்ள, ஒரே காத்துல...”

அங்கேயே நின்றுவிட்டாள்.

தாடி காத்திருந்தான். “என்னக்கா?”

ஒரே காற்றில். அவள் விட்டது சாதாரண மருந்தா? குழிக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிற சமாசாரமா? அது வாயு. கசிந்து மேலே வரும். மூடிக்குக் கீழே விரலளவு காற்றில் தவழ்ந்து பக்கத்துக் குழியில் இறங்கும். கொஞ்சமாகத்தான் இறங்கும். கொஞ்சம் என்றால்தான் ஓடும் என்கிறானே இவன்.

“ஒண்ணுமில்ல. நீ உன் வேலையைப் பாரு” என்று வெளியே வந்தாள்.

உறைபெட்டியைத் திறந்தாள். யாரையாவது என்றைக்காவது மடக்கலாம் என்று சேர்த்துவைத்த குழாய்கள் வரிசையாக இருந்தன. தன் மூன்று சோதனைகளின் தேதி போட்ட குழாய்களை எடுத்து உருகவைத்தாள். அந்த வாயு போன இடத்தில் ஒரு தடயத்தை விட்டுப் போகும். ஒரு சோதனைத் திரவத்தை ஊற்றினால் தடயம் இருக்கிற இடம் இளஞ்சிவப்பாகும், இல்லாத இடம் நிறம் மாறாது. ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

அதிக மருந்து விட்டது அடர்த்தியாகச் சிவந்தது. குறைந்த மருந்து விட்டது லேசாகச் சிவந்தது. மருந்து படாத குழிகளின் திரவமும் அதே லேசான சிவப்பில், கூடவும் குறையவும் இல்லாமல், வெட்கமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

அவள் விடவில்லை. சோதனைத் திரவம் கெட்டிருக்கும் என்று புதுப் புட்டியை உடைத்தாள். சிவந்தது. குழாய் அழுக்காக இருக்கும் என்று புதுக் குழாய் எடுத்தாள். சிவந்தது. ஊட்டத் திரவத்திலேயே ஏதாவது இருக்கும் என்று செல்லில்லாத வெறும் திரவத்தை வைத்துப் பார்த்தாள். நிறம் மாறவில்லை. கடைசியாகத் தாடியின் தனித் தட்டிலிருந்து ஒரு சொட்டு எடுத்தாள். அதுவும் நிறம் மாறவில்லை. புட்டியை, குழாயை, திரவத்தை, தாடியை, எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து விசாரித்தாயிற்று. அந்த அறையில் விசாரிக்காமல் மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான்.

மருந்தே படாத குழிகள் என்று எவற்றை நம்பினாளோ அவற்றுக்கு அவளே மூடி போட்டு மருந்து கொடுத்திருக்கிறாள். அதனால்தான் அவை அப்படித் துடிப்பாக ஓடின. அதைப் பார்த்துத்தான் பெருமைப்பட்டாள். நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

பேராசிரியர் அறைக்குப் போய்ச் சிவப்புக் குழாய்களை மேசைமேல் வைத்தாள்.

“மேடம், அறிக்கை போயிடுச்சா?”

“நாளைக்குக் காலைலதான். ஏன்?”

“அனுப்பாதீங்க. தப்பு என் மேல.” நடந்ததைச் சொன்னாள். சப்பைக்கட்டு கட்டவில்லை, யாரையும் துணைக்கு இழுக்கவில்லை.

பேராசிரியர் குழாய்களை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். “நான்தானே அந்தத் தட்டுக்கு ஒப்புதல் குடுத்தேன். எனக்கே தோணலையே. நீங்க மிச்சம் பிடிச்சு வைக்கலைன்னா இது தெரிஞ்சிருக்கவே தெரியாது. தனித்தனியா வச்சு மறுபடி செய்யலாம். இன்னும் யாருக்கும் ஒண்ணும் ஆகிடலையே.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளைக் குத்தியது. “நான் வீட்டுக்குப் போகணும் மேடம்” என்றாள்.

வாசலில் தாடி நின்றிருந்தான். அவனைத் தாண்டிப் போனவள் திரும்பி வந்தாள். “உன்னைத்தான் சந்தேகப்பட்டேன். நோட்டெல்லாம் பார்த்தேன்.”

“தெரியும்க்கா. தலைகீழா வச்சிட்டுப் போயிருந்தீங்க.”

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

அன்றைக்குக் கணவருக்கு விடுமுறை. கதவைத் திறக்கும்போதே குளியலறையிலிருந்து குரல் கேட்டது. “பயணிகள் கவனத்திற்கு.” அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய், “வாயில இருக்கிறதைத் துப்புங்க” என்றாள்.

அவர் மறுகேள்வி கேட்காமல் துப்பினார். பாதி கரைந்த வில்லை தொட்டியில் விழுந்து ஒட்டியது. அவள் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். குழி, மூடி, காற்று, சிவப்பு. அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

“அப்போ எனக்குத் திரும்ப வந்திருக்குமா?” என்றார்.

“தெரியாது. தட்டுல இருக்கிற செல்லு வேற, மனுஷன் உடம்பு வேற. ஒண்ணும் ஆகாம இருக்கலாம். ஆனா எனக்குத் தெரியாதுங்க. தெரியாததைத் தெரியும்னு சொல்லி உங்க கையில குடுத்துட்டேன்.” அவள் உடைந்துவிட்டாள். “ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா? மூணு தடவையும் சரியாப் பார்த்தியான்னு கேட்டிருக்கக் கூடாதா? கீழ்வீட்டுக்காரர் குடுத்தப்போ என்ன வாயுன்னு கேட்டீங்களே!”

அவர் அவள் முதுகைத் தடவினார். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையையும் நாக்கால் தேடியெடுத்துப் பேசினார்.

“அவர் குடுத்தப்போ கேட்டேன். டாக்டரே குடுத்திருந்தாலும் ரெண்டு கேள்வி கேட்டிருப்பேன். நீ பால்காரனை நம்பமாட்டே. பல் டாக்டரை நம்பலை, அதனாலதான் நான் உயிரோட இருக்கேன். என் சட்டைப்பையைக்கூட நம்பமாட்டே. அப்படிப்பட்டவ வந்து ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னா, அதுக்கு மேல நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது?”

அந்தப் பேச்சில் குற்றம் சொல்கிற தொனி துளியும் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குத் தாங்கச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுவாரமே அறுவை மருத்துவரிடம் முன்கூட்டி நேரம் வாங்கினாள். அவள் நடந்ததைச் சொன்னதும் அவர் விளக்கைப் போட்டுப் பார்த்தார், கையுறை விரலால் நாக்கை அழுத்தினார், மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தொண்டை வரை பார்த்தார், கழுத்தின் இரு பக்கமும் தடவினார். அவள் மருத்துவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருவம் அசைந்தாலும் தெரிந்துகொள்வாள்.

“சுத்தமா இருக்கு. ஒண்ணுமில்ல.”

“இடது ஓரம்?”

“பார்த்தேன்மா.”

“அடியில?”

“அதுவும் பார்த்தேன்.” மருத்துவர் கையுறையைக் கழற்றினார். “உங்க தட்டுல ஓடினது உண்மையா இருக்கலாம். அந்த வில்லை இவர் வாயில என்ன செஞ்சிருக்கும்னு என்னாலயும் சொல்ல முடியாது, உங்களாலயும் சொல்ல முடியாது. அதனால அது வேண்டாம், நிறுத்தினது நல்லது. குச்சிப் பயிற்சியை விடாதீங்க. வாய் திறந்ததுல பெரும்பங்கு அதுதான்னு நினைக்கிறேன். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க.”

அவள் டப்பாவைப் பையிலிருந்து எடுத்து அங்கேயே குப்பைக் கூடையில் போட்டாள். வெளியே வந்ததும் கணவர் நடைக்கூடத்தில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். கேட்ட வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார். அவருக்கு அது எப்போதுமே சுலபம்.

அதன்பிறகு செல் அறைக் கதவில் ஒரு மாற்றம் வந்தது. வழக்கமான எச்சரிக்கைகளுக்குக் கீழே, வாயு விடும் சோதனை என்றால் மருந்து படாத குழிகளுக்குத் தனித் தட்டு, தனிப் பெட்டி என்று அவள் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தாடியைப் பார்த்தால் முன்பு போல அதட்டுவதில்லை. அவள் முடித்த தட்டை அவன் ஒருமுறை சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டிக்குள் வைத்தாள். “நானா அக்கா?” என்று அவன் நெளிந்தபோது, “நீதான். நல்லாப் பாரு, எனக்காக விட்டுக்குடுக்காதே” என்றாள்.

வீட்டில் தினமும் காலையில், வெளிச்சம் நன்றாக விழும் சன்னலருகே அவர் நாற்காலியைப் போட்டு உட்காருவார். பல்லிடுக்கிலிருந்து குச்சிகளை எடுத்துவிட்டு இரண்டு விரலுக்கு வாயைத் திறப்பார். அவள் டார்ச்சைப் பிடித்துக் குனிவாள். தையல் போட்ட தழும்பு, இளஞ்சிவப்புச் சதை, அதன் ஓரம், அதற்கும் அடியில். மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பாள்.

“என்ன தெரியுது?” என்பார்.

“ஒண்ணும் தெரியல. நல்லாத்தான் இருக்கு.”

“நீ சொன்னா சரிதான்” என்று வாயை மூடிக்கொண்டு, வேலைக்குப் போகச் சட்டையைத் தேடுவார்.

அவள் டார்ச்சை அணைக்காமல் அங்கேயே நிற்பாள்.

“ஏங்க, இன்னொரு தடவை திறங்க.”